‘உடம்புக்கு நல்லது’ என்று விற்கும் ஒயின்: இரண்டு போத்தல் வாங்கிப் பார்த்தேன்

அண்ணனுக்கு 60 வயது நிறைந்ததைப் போன மாதம் வீட்டோடு கொண்டாடினோம். அவருக்கு 19 ஆண்டுகளாக இனிப்புநீர் (நீரிழிவு). ஆஸ்துமா சின்ன வயதிலிருந்தே உண்டு. தீபாவளிக்கும் பிறந்த நாளுக்கும் ஒரு கிளாஸ் ஒயின் குடிக்க ஆசைப்படுவார். மூன்று வருடத்துக்கு முன் யாரோ கொடுத்த இனிப்பான வெள்ளை ஒயினைக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் நெஞ்சு இழுக்க ஆரம்பித்து, இன்ஹேலரைத் தேடி ஓடியது எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரப் பெரிய சாலையில், பழைய தையல்கடை இருந்த இடத்தில் புதிதாகத் திறந்த ஒயின் கடைக்குப் போனேன். வாசல் கண்ணாடியில் தமிழிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்: ‘இயற்கை ஒயின். சர்க்கரை குறைவு. சல்பைட் இல்லை. உடம்புக்கு நல்லது.’ சல்பைட் என்பது ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்.

கடையில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “அக்கா, இனிப்புநீர் உள்ளவர்களும் இதைப் பயமில்லாமல் குடிக்கலாம். மறுநாள் தலைவலிகூட வராது” என்றார். நான் 31 வருடம் தோட்டத்து மருத்துவமனையில் தாதியாக இருந்தவள். சம்பள நாள் இரவென்றால் சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்து விழுந்தவர்களின் மண்டையில் தையல் போடவே பொழுது சரியாக இருக்கும். 2018இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து எத்தனை பேர் இறந்தார்கள் என்பது நாட்டுக்கே தெரியும். ஆகவே போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று லேபிளில் எழுதி விற்பதை நான் மதிக்கிறேன். எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பதும் அதனால்தான்.

89 வெள்ளிக்கு ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயின் ஒன்றும், 112 வெள்ளிக்கு ‘சல்பைட் சேர்க்காதது’ என்ற இத்தாலி வெள்ளை ஒயின் ஒன்றும் வாங்கினேன்.

சிவப்புப் போத்தலின் பின்பக்கம் முழுவதையும் இறக்குமதியாளரின் வெள்ளை ஒட்டுத்தாள் மறைத்திருந்தது. மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கலாம் என்று அதில் மலாயில் பெரிய எழுத்தில் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, பத்து நிமிடம் ஒற்றி, ஓரத்தை நகத்தால் கிள்ளி மெதுவாக உரித்தேன். அடியில் அசல் லேபிள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஐந்தாறு மொழிகளில் ஒரே வாக்கியம்: ‘சல்பைட் உள்ளது.’

உள்ளதுதான். திராட்சைச் சாறு புளிக்கும்போது ஈஸ்டே கொஞ்சம் சல்பைட்டை உண்டாக்கிவிடும். அறவே இல்லாத ஒயின் அபூர்வம். ஐரோப்பாவில் ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். சர்க்கரை மீந்திராத சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதி. ஆர்கானிக் என்றால் 100. வெள்ளைக்கு 200, ஆர்கானிக் வெள்ளைக்கு 150. இனிப்பு ஒயினுக்கு வரம்பு இன்னும் மேலே போகும். ஏனென்றால் மீந்த சர்க்கரை போத்தலுக்குள் மறுபடி புளிக்காமல் இருக்கச் சல்பைட்டைக் கூட்ட வேண்டியிருக்கிறது. அண்ணனுக்கு அன்று இழுத்தது ஏன் என்று இப்போது ஓரளவு புரிகிறது. சல்பைட் எல்லோருக்கும் விஷம் அல்ல. ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் அது ஆகாது. அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் இனிப்பில்லாத ஆர்கானிக் சிவப்பைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. தீபாவளிக் கூடையில் வரும் ஆரஞ்சு நிற உலர்ந்த ஆப்ரிகாட்டிலும் கவனம் வேண்டும். அதில் ஒயினைவிடப் பல மடங்கு சல்பைட் இருக்கலாம். தலைவலிக்குச் சல்பைட்தான் காரணம் என்பதோ நிரூபிக்கப்படவில்லை.

சர்க்கரைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ‘டிரை’ (இனிப்பில்லாதது) என்று எழுதியிருக்கும் ஒயினில் பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்குள்தான் சர்க்கரை இருக்கும். 150 மில்லி கிளாஸில் அது 0.6 கிராம். நம் கடைகளில் தே தாரிக் தேநீருக்கு இரண்டு மேசைக்கரண்டி இனிப்பு டின் பால் ஊற்றினாலே 20 கிராம் சர்க்கரை தாண்டிவிடும். ஆகவே டிரை ஒயின் என்றாலே சர்க்கரை குறைவுதான். அதற்கென்று தனியாக 20, 30 வெள்ளி கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. நுரைக்கும் ஒயின் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று எழுதியதில் ‘ப்ரூட்’ என்று எழுதியதைவிடச் சர்க்கரை அதிகம், லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை. பெயரை நம்பி ஏமாறக் கூடாது.

ஆனால் ‘ஆர்கானிக்’ என்ற சொல்லுக்காக நான் கூடுதல் காசு கொடுப்பேன். என் காரணம் வேறு. எங்கள் தோட்டத்தில் செம்பனைக்கு அடியில் களைக்கொல்லி அடித்த பெண்கள் முதுகில் சுமந்த மருந்துத் தோம்பு கசிந்து, நகம் கறுத்துக் கழன்ற விரல்களை நீட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி இந்த நாட்டில் 2020இல்தான் தடை செய்யப்பட்டது. ஆர்கானிக் திராட்சைத் தோட்டத்தில் செயற்கைக் களைக்கொல்லி கூடாது. தாமிரச் சேர்மமும் கந்தகமும் அளவோடு அனுமதி. எங்கோ ஸ்பெயினில் கொடி வெட்டுகிற ஒருத்தியின் நகம் தப்பினால் எனக்கு அது போதும். அடையாளம் எளிது: பச்சை நிறத்தில், நட்சத்திரங்களால் வரைந்த இலை. அருகில் சான்றளித்த அமைப்பின் குறியீடு இருக்கும். ஸ்பெயின் என்றால் ‘இஎஸ்’ என்று தொடங்கும். என் போத்தலில் இரண்டும் இருந்தன.

சிவப்பு ஒயின் அருமை. பழுத்த நாவற்பழ வாசம், நாக்கில் லேசான துவர்ப்பு. அண்ணி செய்த ஆட்டிறைச்சிப் பிரட்டலின் மிளகுக் காரத்துக்கு எதிரே அந்தத் துவர்ப்பு நன்றாக நின்றது. அண்ணன் ஒரு கிளாஸை ஒன்றரை மணி நேரம் வைத்துக் குடித்தார். இழுப்பு வரவில்லை. ஒரு தடவை வராததை வைத்து நான் உறுதி சொல்ல மாட்டேன். இன்ஹேலர் மேசையில்தான் இருந்தது.

வெள்ளை ஒயின்தான் மனத்தை உடைத்தது. மேல்தாளைக் கிழித்ததுமே தக்கை ஒரு நூல் அளவு வெளியே துருத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. ஊற்றினால் வைக்கோல் நிறத்துக்குப் பதிலாக வறத்தேநீர் நிறம். அடிபட்ட ஆப்பிள் வாசம், பின்னால் காடியின் நெடி. சல்பைட் ஒயினுக்குக் காவல். அந்தக் காவல் இல்லாத போத்தலைக் குளிர்ச்சியில் வைக்காவிட்டால் கெட்டுப்போகும். அந்தக் கடையிலோ அதைப் பிற்பகல் வெயில் நேராக விழும் கண்ணாடி ஜன்னலில் அலங்காரமாக அடுக்கியிருந்தார்கள். இரவில் குளிர்சாதனமும் ஓடுவதில்லையாம். திருப்பிக் கொண்டுபோனபோது, “திறந்த போத்தலை மாற்ற முடியாது அக்கா” என்று சொல்லிவிட்டார். திறக்காமல் கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? 112 வெள்ளி போனதைவிட அந்தப் பதில்தான் எனக்கு வலித்தது. நம் வெயிலில் சல்பைட் சேர்க்காத ஒயினை வாங்குவதானால் உள் அலமாரியில், குளிர்ச்சியில் வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள்.

‘பயமில்லாமல் குடிக்கலாம்’ என்றாரே, அதற்கு வருகிறேன். 13 விழுக்காடு ஒயின் ஒரு கிளாஸில் ஏறக்குறைய 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதிலிருந்தே 100 கலோரிக்கு மேல் கிடைத்துவிடும். ஆர்கானிக் என்பதற்காக அது ஒரு சொட்டும் குறையாது. அண்ணன் சாப்பிடும் கிளிக்லசைடு போன்ற இனிப்புநீர் மாத்திரையோடு வெறும் வயிற்றில் மது சேர்ந்தால், கல்லீரல் ஆல்கஹாலைக் கழிப்பதில் மும்முரமாகி, ரத்தத்துக்குச் சர்க்கரை விடுவதைக் குறைத்துவிடும். நடு இரவில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, வாய் குழறும். குடிபோதை என்று நினைத்து வீட்டார் தூங்கவிட்டுவிடுவார்கள். அப்படித் தூங்கவிட்ட ஒருவரை விடியற்காலையில் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டு இந்திய வம்சாவளியினரில் வயதுவந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அந்தக் கடைக்குள் நுழையும் நம்மவர் மூவரில் ஒருவருக்கு இருக்கக்கூடிய நோய் இது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

சிவப்பு ஒயினைத் தீபாவளிக்கு மறுபடி வாங்குவேன், ஒரே ஒரு போத்தல். அண்ணன் முதலில் சாப்பிட வேண்டும், படுக்கும் முன் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது என் நிபந்தனை, அவரும் ஒத்துக்கொண்டார். உரித்த ஒட்டுத்தாளையும் அசல் லேபிளின் படத்தையும் கடைத் தம்பியிடம் காட்டி, வாசலில் இருக்கும் வரிகளை எடுக்கச் சொன்னேன். நேற்றுப் பார்த்தேன். ‘சல்பைட் இல்லை’ என்பதைச் சுரண்டிவிட்டு ‘சல்பைட் குறைவு’ என்று எழுதியிருக்கிறார்கள். கடைசி வரி அப்படியே இருக்கிறது. அடுத்த வாரம் மறுபடி போய்க் கேட்கப் போகிறேன்.