வளவில் மரம் வைத்துத் தருகிறோம் என்று வருகிறவர்கள், கவனம்

பேஸ்புக்கில் "உங்கள் வளவைச் சோலையாக்கித் தருகிறோம்" என்று விளம்பரம் போட்டு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒரு கூட்டம் வேலை பிடிக்கிறது. களுவாஞ்சிகுடியில் எங்கள் அரை ஏக்கர் வளவையும் அவர்களிடம்தான் கொடுத்தோம். 1,80,000 ரூபா பேச்சு, பாதி அட்வான்ஸ்.

மாரி தொடங்கும்போது வந்து மளமளவென்று நட்டார்கள். வாசலோரம் செவ்வரத்தை, நந்தியாவட்டை, வேலியோரம் தென்னம்பிள்ளை, பின்வளவில் ஒட்டு மாங்கன்று. மழைக்கு எல்லாம் தளதளவென்று நின்றன. மீதிக் காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று வீசத் தொடங்கியதும் செடிகள் ஒவ்வொன்றாகக் கருகின. மணல் தரை, தண்ணீர் நிற்காது, சரி என்று காலையும் மாலையும் ஊற்றினோம். பக்கத்து வளவு மாமா வந்து ஒரு செவ்வரத்தையைப் பிடித்து இழுத்தார். கறுப்புப் பொலித்தீன் பையோடு முழுதாக வந்தது! வேர் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது.

அப்புறம், தண்டில் டேப் சுற்றியிருந்த மாங்கன்றுக்குப் போனார். "அந்த டேப்பக் கழட்டிப் பாரு புள்ள" என்றார். ஒன்று 2,500 ரூபா என்று விலை சொன்ன கன்று. உரித்தால் உள்ளே தண்டு ஒரே சீராக, வழுவழுவென்று இருந்தது. ஒட்டின கன்றென்றால் செருகிய இடத்தில் தழும்பு தெரியும், அதற்குக் கீழே அடிக்கன்றின் தோல் ஒரு மாதிரி, மேலே இன்னொரு மாதிரி இருக்கும். இது கொட்டையில் முளைத்த கன்றுக்குச் சும்மா சுற்றிவிட்ட டேப். காய்க்கவே பல வருடம் போகும், அதுவும் என்ன மாங்காய் வருமோ.

தென்னைக்கு 26 அடி இடைவெளி விட வேண்டும். இவர்கள் 12 அடிக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். கூடுதல் பிள்ளை, கூடுதல் காசு.

போன் எடுத்தால், "அக்கா, தண்ணி ஊத்தாததுக்கு நாங்க பொறுப்பில்ல" என்கிறான். பில்லில் "மரம், செடி வகை" என்று ஒரே வரி. எத்தனை, என்ன இனம், ஒட்டா கொட்டையா, ஒன்றும் இல்லை.

இப்படி மரம் வைக்க யாரையாவது வேலைக்குப் பிடிப்பதென்றால் மீதிக் காசைக் கொடுக்கும் முன் இரண்டு மாங்கன்றின் டேப்பை அவர்கள் முன்னாலேயே அவிழ்க்கச் சொல்லுங்கள். ஒட்டுப் பிடித்த கன்றுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மழுப்பினால் விளங்கிக்கொள்ளுங்கள். நடும்போது பக்கத்தில் நின்று, கிழித்த பைகளைக் கண்ணால் பாருங்கள். நல்ல கன்று எங்கே கிடைக்கும் என்று கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம், அதற்குக் காசில்லை.

அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது. இப்போது அதில் முதல் படமே எங்கள் வளவுதான், நட்ட அன்றைக்கு எடுத்தது.