நான்கு ஆண்டுகளில் மூன்று தண்ணீர்ப் பம்புகள், பிறகு ஆறு ஆண்டுகளாக ஒன்றே

அப்பா விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் 1000 கார், 948 சிசி எஞ்சின். 2015 முதல் நான்கு ஆண்டுகளில், எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரைச் சுற்றவிடும் பம்புகள் மூன்றை அதில் மாற்றினேன். மூன்றாவது பம்பு, கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகும் காட்டு வழியில் கீச்சிட்டுப் பழுதானது. யானை இறங்கும் அந்தி நேரம், பிள்ளைகள் காருக்குள். அன்று பட்ட பயம்தான் காரணத்தைத் தேட வைத்தது.

திருகோணமலையில் எல்லோரும் உப்புக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குற்றம் சொன்னார்கள். ஆனால் கழற்றிய பம்பின் உட்சக்கரம் அரிக்கப்படாமல் இருந்தது. போயிருந்தது தண்டைத் தாங்கும் பேரிங். எஞ்சினின் ஒரே பெல்ட்தான் பம்பையும், மின்சாரம் தரும் டைனமோவையும் சுழற்றுகிறது. டைனமோவுக்குப் பதில் நாங்கள் போட்ட ஆல்டர்னேட்டரின் கப்பி (பெல்ட் ஓடும் சக்கரம்) சிறியது, பெல்ட் அதைப் பற்றும் வளைவும் குறைவு. வழுக்காமல் இருக்க நான் இறுக்கிக்கொண்டே போனேன். அந்த இழுப்பு முழுவதும் பம்பின் தண்டைப் பக்கவாட்டில் வளைத்திருக்கிறது. போதாததற்கு, நேரான சட்டத்தை வைத்துப் பார்த்தபோது ஆல்டர்னேட்டர் கப்பி, எஞ்சின் கப்பியும் பம்பின் கப்பியும் நிற்கும் கோட்டிலிருந்து 4 மில்லிமீற்றர் விலகியிருந்தது. வாசர் வைத்துச் சரிசெய்தேன். முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து விசிறி. இந்த எஞ்சினில் அது பம்பின் தண்டிலேயே சுழல்கிறது, ஓர் இதழ் வளைந்தாலும் அதிர்வு பேரிங்குக்குத்தான். அதைக் கழற்றி, ரேடியேட்டருக்கு முன்னே மின்விசிறி பொருத்தினேன். கப்பியைப் பிடிக்கும் நான்கு போல்ட்டுகளையும் குட்டையானவையாக மாற்றுங்கள், பழையவை பம்பின் உடலில் போய் முட்டும். டைனமோ உள்ள காரில் இதைச் செய்ய வேண்டாம். இருபது ஆம்பியர் அளவே தரும் அது, இரவு விளக்கோடு மின்விசிறியையும் தாங்காது.

பம்புக்குப் பெரிய கப்பி போட்டு வேகத்தைக் குறைக்கும் யோசனையையும் பரீட்சித்தேன். நிலாவெளி வீதியில் ஓடும்போது சிக்கலில்லை. சந்தை நெரிசலில் நின்றதும் தண்ணீரின் சுழற்சி போதாமல் வெப்பமானியின் முள் ஏறியது. நம் வெயிலுக்கு அது ஒத்துவராது, ஒரே வாரத்தில் கழற்றிவிட்டேன்.

2019இல் போட்ட நான்காவது பம்பு இன்றும் ஓடுகிறது, முப்பதாயிரம் கிலோமீற்றர் தாண்டிவிட்டது. கிணற்று நீரை விட்டுக் கூலன்ட் ஊற்றுகிறேன். பெல்ட்டின் நீண்ட பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழ வேண்டும். பம்பின் அடியிலுள்ள கசிவுத் துளையை மாதம் ஒருமுறை தடவிப் பார்ப்பேன். நேற்றும் விரல் ஈரமாகவில்லை.