சமுதாயக் கல்லூரியில் பயோடெக் லேப் டெக்னீஷியன் படிப்பு: வேலைக்கு வந்தபின் கைகொடுப்பவை

சேலத்தில் இந்தப் படிப்பை விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது, கல்லூரியில் பி.சி.ஆர். மெஷின் (டி.என்.ஏ.வைப் பல பிரதிகளாகப் பெருக்கும் கருவி) இருக்கிறதா என்றுதான். அதைவிட முக்கியம், ஆட்டோகிளேவை (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) மாணவர்களே இயக்குகிறார்களா, ஒரு மைக்ரோபிப்பெட்டுக்கு (மிகச் சிறு அளவுத் திரவத்தை அளந்தெடுக்கும் கருவி) எத்தனை பேர் என்பது. வேலையில் பி.சி.ஆர். மாதக்கணக்கில் கண்ணில் படாமலே போகலாம். மீடியா (நுண்ணுயிர்களை வளர்க்கும் ஊட்டக் கலவை) தயாரிப்பும் ஸ்டெரிலைசேஷனும் (கிருமி நீக்கம்) அன்றாடம் உண்டு.

படித்ததில் நெடுநாள் பலன் தருவது ஆட்டோகிளேவ் பயிற்சிதான். 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம் என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். கோட்டை விடுவது காற்றை வெளியேற்றுவதில். மூடியை இறுக்கியபின் வால்வு திறந்தே இருக்க வேண்டும். ஆவி விட்டுவிட்டு வராமல் ஒரே சீராகச் சீறத் தொடங்கி 5 நிமிடம் ஆனபிறகே அடைக்கலாம். உள்ளே காற்று தங்கினால் அழுத்தம் காட்டும் கேஜின் முள் 15-ஐக் காட்டும், வெப்பம் 121-ஐத் தொடாது. ஆட்டோகிளேவ் டேப் கறுத்துவிட்டது என்று நம்பிவிடவும் கூடாது. சூடு பட்டதை அது சொல்லும், கிருமி செத்ததைச் சொல்லாது. முள் பூஜ்யத்துக்கு இறங்குமுன் வால்வைத் திறந்தால் மீடியா பொங்கிப் பஞ்சு அடைப்பு நனைந்துவிடும்.

ஏற்காட்டில் இதற்கு இன்னொரு கணக்கு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. கேஜ் காட்டுவதோ அதற்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டும். அங்கே 15 பவுண்டில் சுமார் 118 டிகிரிதான் கிடைக்கும். 121 வேண்டுமானால் 17.5 பவுண்டு வரை ஏற்ற வேண்டும். கருவியின் சேஃப்டி வால்வு அதற்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்டீரியா வளர்க்கும் மீடியாவான நியூட்ரியன்ட் அகார் பொடி பெரும்பாலும் லிட்டருக்கு 28 கிராம், ஆக 250 மில்லிக்கு 7 கிராம். 500 மில்லி பிளாஸ்க்கில்தான் போட வேண்டும். பாதிக்கு மேல் நிரப்பினால் வழியும். 45–50 டிகிரிக்கு ஆறியபின் 9 செ.மீ. பிளேட்டுக்கு 15 முதல் 20 மில்லி ஊற்றலாம். அதிகச் சூட்டில் ஊற்றினால் மூடியில் நீர் கோத்து காலனிகள் (கிருமிக் கூட்டங்கள்) ஒன்றோடொன்று கலந்துவிடும். ரொம்ப ஆறவிட்டால் கட்டி தட்டும்.

பிப்பெட்டில் பாடம் ஒன்றே: பட்டனைப் படக்கென்று விடாதீர்கள், திரவம் தண்டுக்குள் ஏறிவிடும். முனையில் திரவத்தோடு படுக்க வைத்தாலும் அதே கதிதான். சரிபார்க்க, தராசில் 1,000 மைக்ரோலிட்டர் காய்ச்சி வடித்த நீரைப் பத்து முறை எடை போடுங்கள். சேலத்து 30 டிகிரிச் சூட்டில் 0.996 கிராமை ஒட்டி வர வேண்டும். பல வகுப்புகளில் இந்தச் சோதனையைச் செய்யவைப்பதே இல்லை, இது பெரிய குறை.

கிருமி வளர ஒரே வெப்பத்தில் வைக்கும் இன்குபேட்டரும் கோடையில் ஏமாற்றும். சாதாரண இன்குபேட்டர் சூடேற்றும், குளிர்விக்காது. சித்திரை வெயிலில் அறையே 36 டிகிரி இருக்கையில் பூஞ்சைக்கு வேண்டிய 25–28 டிகிரி அதில் வராது. கம்ப்ரஸர் உள்ள பி.ஓ.டி. இன்குபேட்டர் வேண்டும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போதே இது ஓடுகிறதா என்று கேளுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை பால், உணவு, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்கள், திசு வளர்ப்பு லேப்கள் பக்கம் இந்தப் பயிற்சி நன்றாகப் பொருந்தும். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை லேபில் கேட்பது டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னாலஜி டிப்ளமோ). அதை மனதில் வைத்திருப்பவர்கள் இந்தப் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.