மணாலி - லே சைக்கிள் டூர்: சமையல்காரருக்கு அஞ்சு ஸ்டார், சைக்கிளுக்கு ஒன்னு

ஆகஸ்ட்ல ஹிமாச்சல்ல இருக்கற மணாலில இருந்து லடாக்ல இருக்கற லே வரைக்கும் குரூப்பா சைக்கிள்ல போயிட்டு வந்தோம், மொத்தம் 12 பேர், பத்து நாள். கூட்டிட்டு போன கம்பெனி பேர் போடல, ரீஃபண்ட் பேச்சு இன்னும் ஓடிட்டு இருக்கு. ஆனா இதே ரூட்ல நிறைய பேர் டூர் நடத்தறாங்க, அதனால யார்கிட்டயாவது அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கோங்க.

நல்லத முதல்ல சொல்லிடறேன். சமையல்காரர் தங்கமான மனுஷன். சப்போர்ட் வண்டில முன்னாடி போய் டெண்ட் எல்லாம் போட்டு ரெடியா இருப்பாங்க, நாங்க நாக்கு தள்ளி போய் சேர்றப்போ கையில சூடா சூப் வந்துடும். வழியில இருக்கற பாங் கேம்ப்ல உயரத்தால தண்ணி சீக்கிரமே கொதிச்சுடுது ஆனா அந்த சூட்டுல பருப்பு வேகவே மாட்டேங்குது, குக்கர் தான் கதி, நம்ம வீட்டு மூணு விசில் கணக்கெல்லாம் அங்க செல்லாது. எத்தன விசில்னு எண்ணவே இல்ல, ஆனா அந்த கிச்சடி மாதிரி நான் எங்கயும் சாப்ட்டதில்ல.

இப்ப சைக்கிள். வாடகை அவங்க பேக்கேஜ்லயே சேந்தது. போட்டோல காட்டினது ஒன்னு, மணாலில கையில குடுத்தது வேற. ரோதாங் கணவாய் ஏறும்போதே லோ கியர் விழல, கேபிள் இழுத்து கட்டி ஒருவழியா சமாளிச்சோம். பாராலாச்சா லா (லா-ன்னா கணவாய்) கிட்டத்தட்ட 4,900 மீட்டர், அதுல இருந்து சர்ச்சு பக்கம் இறங்கறப்போ பின் பிரேக்ல கர்ர்ர்னு ஒரு சத்தம், நிறுத்தி பாத்தா பேட் சுத்தமா தேஞ்சு இரும்பும் இரும்பும் உரசுது! மெக்கானிக்கிட்ட ஸ்பேர் பேட் இருந்துச்சு, வேற மாடலுக்கு. மீதி இறக்கம் முழுக்க முன் பிரேக்க மட்டும் நம்பி, ஒரு பக்கம் பள்ளம் ஒரு பக்கம் லாரி, எனக்கு தெரிஞ்ச சாமியெல்லாம் கூப்ட்டுட்டேன்.

ஆனா பெரிய கோவம் அது இல்ல, ஷெட்யூல். ஜிஸ்பா கிட்டத்தட்ட 3,200 மீட்டர், அங்க ஒரு நாள் ரெஸ்ட், அப்புறம் ஜிங்ஜிங்பார்ல ஒரு ராத்திரி, அதுக்கப்புறம் தான் சர்ச்சுன்னு பிளான்ல தெளிவா போட்டிருந்தாங்க. மணாலி பக்கம் மழை, சேத்துல ஒரு நாள் போயிடுச்சு, அந்த நாள ஈடுகட்டறோம்னு ரெஸ்டும் கட், ஜிங்ஜிங்பாரும் கட், நேரா சர்ச்சு. ஒரே நாள்ல படுக்கற இடம் ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறிடுச்சு. சர்ச்சுல என்ன பிரச்சனைன்னா அது ரெண்டு உயரமான கணவாய்க்கு நடுவுல மாட்டின இடம், ஹை ஆல்டிட்யூட் சிக்னஸ் வந்தா மருந்தே கீழ இறங்கறது தான், ஆனா அங்க இருந்து எந்தப் பக்கம் இறங்கணும்னாலும் முதல்ல மேல ஏறணும். எங்க கூட வந்த கோயம்புத்தூர் பையன் ராத்திரி முழுக்க வாந்தி, தலைய புடிச்சுட்டு உக்காந்தே இருந்தான், காலைல சப்போர்ட் வண்டில ஏத்தி திரும்ப பாராலாச்சா தாண்டி கேலாங் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனாங்க. பையன் தேறிட்டான். ஆனா அன்னிக்கு முழுக்க எங்களுக்கு வண்டி இல்ல, ஒரே வண்டிய வச்சுகிட்டு 12 பேர கூட்டிட்டு போனா இப்படித்தான்.

இன்னொன்னு, தினம் காலைல ஒம்போது மணிக்கு மேல தான் கிளப்புவாங்க. ரோட்டுக்கு குறுக்க ஓடற ஓடையெல்லாம் (அங்க ‘நாலா’ம்பாங்க) பனி உருகி வர்ற தண்ணி, விடியக்காலைல கணுக்கால் அளவு ஓடறது வெயில் ஏற ஏற முட்டிக்கு வந்துடும். லேட்டா போய் ஐஸ் தண்ணில சைக்கிள தூக்கிட்டு நடந்தா கால் நம்ம கால் மாதிரியே இருக்காது.

ரூட் பத்தி குறையே சொல்ல முடியாது. கொல்லிமலை 70 கொண்டை ஊசி ஏறினவன், காட்டா லூப்ஸ் வெறும் 21 தானேன்னு நக்கலா தான் ஆரம்பிச்சேன். ஏழாவது வளைவுலயே சைக்கிள தள்ள ஆரம்பிச்சாச்சு. பையில இருந்த சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பி இருந்துச்சு, என் நெஞ்சும் அப்படித்தான். மோரே பிளெயின்ஸ் பாக்க தார் ரோடு, சமவெளி, ஈசின்னு தோணும், மத்தியானம் எதுத்தாப்புல ஒரு காத்து அடிக்கும் பாருங்க, சமதரைலயே முதல் கியர். டங்லங் லா போர்டுல 17,582 அடின்னு இருக்கு, அங்க ஆக்சிஜன் நம்ம கடற்கரைல இருக்கறதுல கிட்டத்தட்ட பாதி தான், போட்டோவுக்கு சைக்கிள தலைக்கு மேல தூக்கறேன்னு போய் ரெண்டு நிமிஷம் அப்படியே தரைல உக்காந்துட்டேன். அதுக்கப்புறம் ரும்ட்சே வரைக்கும் இறக்கம், அந்த ஒரு மணி நேரத்துக்கே குடுத்த காசு செரிச்சுடும்.

கேக்க வேண்டியது: சப்போர்ட் வண்டி எத்தன, ஒரு நாள் போச்சுன்னா எத கட் பண்ணுவீங்க, பிரேக் பேட் எந்த மாடல். பேட் ரெண்டு செட் நீங்களே வாங்கிக்கோங்க, சின்ன சாமான் தான். சீட்ட மட்டும் உங்க சொந்த சைக்கிள்ல இருந்து கழட்டி எடுத்துட்டு போங்க, நான் எடுத்துட்டு போகல, திரும்பி வந்து ஒரு வாரம் ஆபீஸ்ல தலகாணி போட்டு தான் உக்காந்தேன்.