சர்க்கரை நோயாளிகளுக்கான அரிசி: ஒரு மாதம் சமைத்துப் பார்த்த பிறகு

அம்மாவுக்காகப் போன மாதம் வாங்கினேன். கிலோ 185 ரூபாய். வழக்கமாக வாங்கும் பொன்னி 64 ரூபாய்தான். பாக்கெட்டின் பெயரை எழுதவில்லை. நான் பேச வந்தது அதன் முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் வாசகத்தைப் பற்றி: ‘கிளைசீமிக் குறியீடு 52, ஆய்வில் நிரூபிக்கப்பட்டது.’ ஒரு உணவைச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறும் என்பதைக் காட்டும் எண் அது.

முதலில் சமையல். அரை மணி நேரம் ஊற வேண்டும். ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்தும் பருக்கை விறைப்பாகத்தான் நிற்கிறது. ரசம் சோற்றில் ஏறாமல் தட்டில் தனியாக ஓடுகிறது. மோருக்கு நன்றாக இருக்கிறது. கல், குருணை எதுவும் இல்லை, சுத்தமான அரிசி.

இனி அந்த 52. நான் 22 வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ஒரு எண்ணைப் பார்த்தால் அது எப்படி வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. இந்தக் குறியீட்டை 1981இல் டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்தார்கள். சர்வதேசத் தர முறைப்படி குறைந்தது பத்துப் பேர் போதும். அவர்கள் சர்க்கரை நோய் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். இரவு பட்டினி இருந்து, காலையில் 50 கிராம் மாவுச்சத்து உள்ள அளவுக்கு அந்த உணவைச் சாப்பிடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பலமுறை ரத்தம் எடுத்து, குளுக்கோஸ் குடித்தபோது ஏறிய அளவை 100 என்று வைத்து ஒப்பிடுவார்கள். 55 வரை வந்தால் ‘குறைவு’.

அம்மாவுக்கு 71 வயது. 18 வருடமாகச் சர்க்கரை. மதியம் ஒன்றரை மணிக்கு, மாத்திரை போட்டுக்கொண்டு, கத்தரிக்காய் சாம்பாரும் கூட்டும் ஊற்றிச் சாப்பிடுகிறார். அந்தப் பத்துப் பேரின் காலை நேரத்துக்கும் அம்மாவின் தட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்! ஆரோக்கியமானவர்களிடமே இந்த எண் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 63 பேருக்கு ஒரே வெள்ளை ரொட்டியைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். ஆளுக்கு ஆள் 25 சதவீதமும், ஒரே ஆளிடம் நாளுக்கு நாள் 20 சதவீதமும் மாறியது. 52 என்பது ஒரு சராசரி. பாக்கெட்டில் அந்தச் சொல்லே இல்லை.

நானும் வீட்டில் அளந்து பார்த்தேன். ஆறு நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள் அரிசியை மாற்றி, ஒரே டம்ளர் அளவு, அதே சாம்பார். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு. பொன்னிக்கு 212, 187, 231. பாக்கெட் அரிசிக்கு 196, 224, 178. சராசரி 210, 199. பதினொன்று குறைவு என்று சந்தோஷப்படலாம். ஆனால் குளுக்கோமீட்டரின் தர விதியே, நூறு அளவீட்டில் 95 சரியான மதிப்பிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. 200 இருந்தால் 170 காட்டலாம், 230ம் காட்டலாம். 224 வந்த நாளுக்கு முந்தைய இரவு மூட்டு வலியில் அம்மா தூங்கவே இல்லை. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நான் எடுத்ததோ ஒரே ஒரு நேரத்து ரத்தம். என் அளவீட்டை வைத்து இந்த அரிசி பொய் என்று சொல்ல மாட்டேன். மெய் என்றும் சொல்ல முடியாது.

ஆராய்ச்சியாளர்களைக் குறை சொல்லவில்லை. சாப்பாட்டை ஆராய்வது அவ்வளவு கடினம். 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்கவைத்து, ஒவ்வொரு கவளத்தையும் கணக்கிட்டார்கள். அவ்வளவு கட்டுப்பாடாகச் செய்ய வேண்டுமானால் இருபது பேர், நான்கு வாரம். அம்மாவின் சிறுநீரகமும் கண்ணும் பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதை அப்படி யாரையும் அடைத்துவைத்து அறிய முடியாது.

என் கோபம் அந்த வாசகத்தின் மேல்தான். இரண்டாம் வாரமே அம்மா தட்டை நீட்டி, “இது சர்க்கரைக்கு நல்லதுதானே, இன்னொரு கரண்டி போடம்மா” என்றார். நானும் போட்டேன். அன்று 268. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில், நூறு கிராமுக்கு 77 கிராம் மாவுச்சத்து. பொன்னியிலும் ஏறக்குறைய அதேதான்.

வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து, எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், அவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் உண்டா, எவ்வளவு சோறு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். “சான்று பெற்ற பொருள், மேடம்” என்ற பதில் மட்டும் வந்தது. இந்த மூன்றையும் முன்பக்கத்திலேயே அச்சிடுங்கள். இடம் இருக்கிறது.

மறுபடியும் வாங்கவில்லை. பொன்னியை அதே டம்ளரில் அளந்து போடுகிறேன். இரண்டாம் கரண்டி கேட்டால் கூட்டு வைக்கிறேன்.