கரையேற்றிய படகுக்கு எந்த முட்டு?

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் பழுதுபார்க்கக் கரையேறுவது அப்போதுதான். ஏற்றிய படகை நிறுத்த மூன்று வழிகள் உண்டு: மரமுட்டு, இரும்புத் திருகு ஸ்டாண்டு, படகின் அடிவடிவத்துக்கே செய்த தாங்கியான தொட்டில். எதுவானாலும் எடையை ஏரா, அதாவது அடிமரம்தான் தாங்க வேண்டும். பக்க முட்டுகளின் வேலை, படகு சாயாமல் பிடிப்பது மட்டுமே. இந்தக் கணக்கு எதில் சுலபமாகக் கெடும் என்று பார்த்தே முட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மரப்படகுக்கு மரமுட்டுதான் என் தேர்வு. விலை குறைவு, எந்த வளைவுக்கும் வெட்டிப் பொருத்தலாம். உள்ளே வங்கு, அதாவது பலகையைத் தாங்கும் விலா மரம் இருக்கும் இடத்துக்கு நேராக முட்டு நிற்க வேண்டும். இரண்டு வங்குகளுக்கு நடுவே நின்றால் பலகை உள்வாங்கும். மேலே அணைப்பலகை வைத்து, கீழே இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செருகி அடிக்க வேண்டும். அடியும் அளவாக இருக்க வேண்டும். ஓங்கி அடித்தால் ஏரா தன் கீழே அடுக்கிய கட்டையை விட்டு எழும்பி, எடை பலகைக்கு மாறி, இணைப்பு விரியும். கலப்பத்து, அதாவது பலகை இடுக்குகளை அடைக்கும் வேலை, அடிக்கிற அதிர்வில் ஆப்பு தளரும் என்பதால், தினமும் காலையில் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

திருகு ஸ்டாண்டை நிறுத்துவது எளிது, உயரம் மாற்றுவதும் எளிது. பக்கத்துக்குக் குறைந்தது மூன்று வேண்டும். அணியமும் (படகின் முன்முனை) பின்பக்கமும் நீண்டிருந்தால் அங்கும் ஒன்று. எதிரெதிர் ஸ்டாண்டுகளை ஏராவுக்குக் கீழே சங்கிலியால் பிணைக்காவிட்டால், கால் வெளியே நழுவிப் படகு சரியும். மணல் தரையில் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பிளைவுட் போட வேண்டும். தார்ப்பாய்க் கயிற்றை ஸ்டாண்டில் கட்டவே கூடாது. காற்று பாயை இழுக்கும்போது ஸ்டாண்டும் கூடவே போய்விடும். ஃபைபர் படகில் திருகை அதிகம் ஏற்றினால் ஸ்டாண்டின் மேல்பட்டை அழுத்தும் இடம் உள்ளே குழியும். கேபின் கதவு திடீரென்று இறுகினால் படகு முறுக்கிக்கொண்டிருக்கிறது, உடனே திருகைத் தளர்த்துங்கள்.

ஒரே அச்சில் வார்த்த ஃபைபர் படகுகள் பல இருந்தால் தொட்டில்தான் சிறந்தது. வடிவம் பொருந்திவிட்டால் எடை சீராகப் பரவும். வேறு வடிவப் படகை அதில் ஏற்றினால் இரண்டே முனைகளில் அழுத்தம் விழும். அது ஸ்டாண்டைவிட மோசம். தொட்டில் மறைக்கும் அடிப்பாகத்தில் வேலை செய்யவும் முடியாது.

மூன்றுக்கும் ஏராவின் கீழே கட்டை அடுக்கு அவசியம். நடுவில் மட்டும் அடுக்கினால் அணியமும் பின்பக்கமும் தொங்கி ஏரா வளையும். எஞ்சினுக்கு நேர் கீழே கட்டாயம் ஒரு அடுக்கு வேண்டும். அடிப்பக்க வடிகால் மூடியையும் கழற்றி வையுங்கள். உள்ளே தேங்கும் மழைநீர் ஒரு கன மீட்டருக்கு ஒரு டன்.

பெயின்ட் அடிக்கும்போது பக்கத்தில் புது முட்டு கொடுத்த பிறகே பழையதை எடுக்க வேண்டும், அதுவும் ஒவ்வொன்றாக. ஏராவில் கட்டை மறைத்த இடங்களைப் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மரம் துளைக்கும் கடல்புழு நுழைவது அந்தப் பெயின்ட் படாத இடங்களில்தான். அடுத்த முறை கரையேற்றும்போது கட்டைகளை இடம் மாற்றி அடுக்குவதற்காக, இந்த முறை வைத்த இடங்களைக் குறித்து வையுங்கள்.