தூதரகத்தின் வணிகப் பிரிவு: சின்னத் தேயிலைக்காரருக்கு உதவுமா?

கோத்தகிரியில் சின்ன அளவில் ஆர்த்தடாக்ஸ் தேயிலை (இலையைப் பொடியாக்காமல் உருட்டித் தயாரிப்பது) தயாரிக்கிறோம். குன்னூர் ஏலத்தை மட்டும் நம்பாமல் நேரடியாக விற்றுப் பார்க்கலாமே என்று ஐரோப்பாவில் உள்ள நம் தூதரகம் ஒன்றின் பொருளாதார, வணிகப் பிரிவை அணுகினோம். கட்டணம் கிடையாது. இது பலருக்குத் தெரிவதே இல்லை.

வெறுமனே "தேயிலை விற்க வேண்டும்" என்று எழுதினால் கிணற்றில் போட்ட கல்தான். 090240 என்ற சரக்குக் குறியீடு (மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பொதியில் போகும் கறுப்புத் தேயிலை), ஏற்றுமதிக் குறியீட்டு எண், ஆய்வக அறிக்கை எல்லாம் சேர்த்து அனுப்பினால் பதில் வருகிறது, அதுவும் உருப்படியாக: இறக்குமதியாளர் பட்டியல், உணவுக் கண்காட்சி விவரம், கூடவே பூச்சிமருந்து எச்சம் பற்றி ஓர் எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் தனி வரம்பு வைக்காத மருந்துகளுக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி, இலை கொடுக்கும் விவசாயி என்ன அடித்தார் என்று விசாரிக்காமல் கன்டெய்னர் ஏற்றினால் அங்கே துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும். இந்த ஒரு தகவலுக்கே கும்பிடு போடலாம்.

குறையா? பட்டியலில் பாதி முகவரி பழசு. வாங்கியவர் பணம் தராவிட்டால் பேசிப் பார்ப்பார்கள், வசூலித்துத் தர மாட்டார்கள். அதற்கு இசிஜிசி (ஏற்றுமதிப் பணம் வராமல் போனால் ஈடுகட்டும் அரசுக் காப்பீட்டு நிறுவனம்) காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். மாதிரி அனுப்புவது, பேரம் எல்லாம் நம் தலையில்தான். ஐந்துக்கு மூன்றரை. எழுதுவதானால் ஆகஸ்டைத் தவிருங்கள், அங்கே வாங்குபவர்களில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள்.